வார்சாவில் இருப்பது எந்தக் கானலெட்டோ?

கேள்வி: போலந்தில் படிக்கும் என் மகள், வார்சா அரண்மனையில் 'கானலெட்டோ அறை' பார்த்ததாகச் சொல்கிறாள். அந்த வெனிஸ் ஓவியர் போலந்துப் பக்கம் போனதே இல்லை என்றல்லவா படித்தேன்? (வாசகி, கோவை)

பதில்: நீங்கள் படித்ததும் சரி, மகள் பார்த்ததும் சரி. வார்சாவில் இருப்பவர் மருமான் கானலெட்டோ!

தாய்மாமனின் நிஜப் பெயர் ஜொவான்னி அன்டோனியோ கானல் (1697–1768). அப்பா கானலும் நாடகத் திரைச்சீலை வரைந்தவர் என்பதால், மகன் 'சின்னக் கானல்', அதாவது கானலெட்டோ ஆனார். ஊர் சுற்ற வந்த ஆங்கிலேயப் பிரபுக்கள் அவருடைய வெனிஸ் காட்சிகளை வாங்கிக் குவித்தார்கள். அவருடைய சகோதரி மகன்தான் பெர்னார்டோ பெல்லோட்டோ. சின்ன வயதிலேயே மாமன் பட்டறையில் சேர்ந்து, மாமனின் கைவண்ணத்தை அப்படியே பிடித்துக்கொண்டார்.

1747இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர அரசவை அவரை அழைத்தது. போன இடத்தில் 'கானலெட்டோ எனப்படும் பெர்னார்டோ பெல்லோட்டோ' என்று கையெழுத்துப் போட ஆரம்பித்தார். மாமன் அப்போது லண்டனில், உயிரோடுதான் இருக்கிறார். இதைத் திருட்டு என்று நான் சொல்லமாட்டேன். சொந்தப் பெயரை அவர் மறைக்கவில்லையே! ஆனால் எந்தப் பெயருக்கு என்ன விலை என்று தெரிந்த ஆள். வேடிக்கை என்னவென்றால், அதே காலத்தில் லண்டனில் மாமனைப் பார்த்து, 'இவர் அசல் கானலெட்டோதானா?' என்று சிலர் கிசுகிசுத்தார்கள். 1749இல் அவர், 'என் ஓவியத்தை வீட்டுக்கே வந்து பாருங்கள்' என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுக்க வேண்டியதாயிற்று.

இருவரையும் பிரித்தறிய வெளிச்சத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். மாமனின் வெனிஸில் இதமான வெயில். மருமான் முதிர்ந்த வயதில் வரைந்தவற்றில் வானம் குளிர்ந்து கிடக்கும், நிழல்கள் கறுத்து அழுத்தமாக விழும். எனக்குப் பிடித்தது மருமானின் கைதான்.

1767இல் வார்சா போனவர், மன்னர் ஸ்தானிஸ்வாஃப் அகஸ்டுக்காகத் தெருத் தெருவாக அந்த நகரத்தை வரைந்தார். 1780இல் அங்கேயே காலமானார். இரண்டாம் உலகப்போரில் நகரம் தரைமட்டமானபின், பழைய வார்சாவைத் திரும்பக் கட்டியவர்கள் இந்த ஓவியங்களைப் பார்த்துத்தான் பல கட்டடங்களின் முகப்பை மீட்டார்கள்.

இன்னொன்று: கற்பனைக் கட்டடங்களுக்கு நடுவே தன்னையே ஓர் ஓவியத்தில் வரைந்திருக்கிறார், வெனிஸ் பிரபுக்களின் பட்டாடையில். மனிதர் பிரபுவெல்லாம் இல்லை. மாமன் பெயரையே எடுத்துக்கொண்டவருக்கு ஓர் அங்கி என்ன பெரிய விஷயம்!