வாடும் இலையில் சர்க்கரை கூடுமா?

கேள்வி: தண்ணீரில்லாமல் தவிக்கும் ஆப்பிள் மரத்தின் இலைகளில் சர்க்கரை கூடும் என்று படித்தேன். ஒளிச்சேர்க்கையே குறையும்போது சர்க்கரை எங்கிருந்து வரும்? கணக்கு இடிக்கிறதே!

பதில்: வரவை மட்டும் பார்த்தால் இடிக்கத்தான் செய்யும். மண் காய்ந்ததும் இலைத்துளைகள் மூடிக்கொள்கின்றன, கரியமில வாயு உள்ளே வருவது குறைகிறது, புதுச் சர்க்கரை தயாராவதும் குறைகிறது. அதுவரை நீங்கள் சொல்வது சரி. ஆனால் இலைக்கு மாவுச்சத்து என்று ஒரு சேமிப்பு உண்டு, நொதிகள் அதை உடைத்துச் சர்க்கரையாக்கிவிடுகின்றன. அப்புறம், ஒளிச்சேர்க்கை சரிவதற்கு முன்பே குருத்துகளின் வளர்ச்சி மந்தமாகிவிடுவதால் செலவும் குறைவு, மிச்சம் இலையிலேயே தங்குகிறது.

ஆப்பிள், பேரி, பீச் வகையறாவில் இன்னொரு விசேஷம். இவற்றின் இலைகள் சுக்ரோஸோடு சார்பிட்டாலையும் ஏராளமாகத் தயாரிக்கின்றன (ஆமாம், சர்க்கரை சேர்க்காத சூயிங்கத்தில் இனிப்புக்குப் போடுகிறார்களே, அதேதான்). வறட்சியில் பெரும்பாலும் எகிறுவது இதுதான். மாவுச்சத்து கரையாமல் மணிமணியாகக் கிடக்கும், அதனால் நீரை இழுக்க உதவாது. சார்பிட்டாலும் குளுக்கோஸும் கரைந்து செல்லின் சாற்றை அடர்த்தியாக்குவதால், ஓரளவு காய்ந்த மண்ணிலிருந்தும் நீர் இலைக்கு ஏறி வர முடிகிறது, இலையும் உடனே தொங்கிவிடுவதில்லை.

எத்தனை நாள் தாங்கும் என்பது மரத்தையும் மண்ணையும் பொறுத்தது. வறட்சி நீண்டு மாவுச்சத்து தீர்ந்துவிட்டால் சர்க்கரையும் இறங்க ஆரம்பிக்கும், பல மரங்கள் இலைகளையே உதிர்த்துவிடும்.