அம்மாவோட கேன்சர் ட்ரீட்மென்ட்டுக்கு எந்த டிரஸ்ட் பணம் குடுக்கும்?

கேள்வி: அம்மாவுக்கு மார்பக புற்றுநோய், ரெண்டாவது ஸ்டேஜ். திண்டுக்கல் பக்கம் ஊர், அப்பா ஷேர் ஆட்டோ ஓட்றார். பிரைவேட் ஆஸ்பத்திரில ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் சேத்து நாலரை லட்சம்னு சொல்றாங்க. நகையை வச்சு அட்வான்ஸ் கட்டப் போறோம். எந்த டிரஸ்ட்ட கேக்கலாம்?

பதில்: தம்பி, நகையை ரெண்டு நாள் வீட்லயே வைங்க. ஏன்னா கட்டின காசை திருப்பித் தர்ற இடம்னு அனேகமா எதுவும் கிடையாது, காப்பீடோ நிவாரண நிதியோ டிரஸ்ட்டோ எல்லாமே இனிமே ஆகப்போற செலவுக்குத்தான், அதுவும் உங்க கையில வராது, நேரா ஆஸ்பத்திரி பேருக்குத்தான் போகும். பில்லை கட்டிட்டு ஓடி வந்தவங்கள எத்தனையோ பேரை வெறுங்கையோட அனுப்பிருக்கேன், அந்த மூஞ்சிங்க இன்னும் மறக்கல.

டிரஸ்ட்டுக்கு போனாலும் அவங்க முதல்ல கேக்கறது "காப்பீட்டு அட்டை இருக்கா?"ன்னுதான். அதனால முதல்ல முதலமைச்சர் காப்பீடு. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள்ள இருந்தா வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் கவர் ஆகும். விஏஓ கிட்ட வருமான சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துட்டு கலெக்டர் ஆபீஸ்ல இருக்கற காப்பீடு சென்டருக்கு அம்மாவையும் கூட்டிட்டு போங்க. ரேஷன் கார்டுல அம்மா பேர் சரியா இருக்கான்னு இன்னைக்கே பாருங்க, ஒரு எழுத்து மாறினதுக்கே அலைய விட்டுடுவாங்க. சந்தேகம்னா 1800 425 3993.

அடுத்து எங்க பாக்கறதுன்னு யோசிங்க. மதுரை பாலரெங்கபுரத்துல அரசு கேன்சர் சென்டர் இருக்கு, ரேடியேஷனும் அங்கயே. ரேடியேஷன்னா வாரத்துக்கு அஞ்சு நாள், வாரக்கணக்கா போகணும், ஆட்டோ ஓட்ற வீட்ல பணத்தை விட இந்த அலைச்சல்தான் ஆளை உக்கார வைக்கும், அதனால பக்கத்துல இருக்கறது பெரிய விஷயம். அடையார் கேன்சர் இன்ஸ்டிடியூட்டும் நல்ல இடம், 1954லேர்ந்து நடக்குது, முடியாதவங்களுக்கு இலவசமாவும் கட்டணம் குறைச்சும் பாக்கறாங்க. ரயில்ல போனா டாக்டர் கையெழுத்து போட்ட சலுகை பாரம் வாங்கிக்கோங்க, ஸ்லீப்பர்ல அம்மாவுக்கு டிக்கெட் ஃப்ரீ, கூட போறவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி.

ஆஸ்பத்திரி மாத்தினா பயாப்ஸி (சதை எடுத்து பாக்கற டெஸ்ட்) ரிப்போர்ட் மட்டும் வாங்கிட்டு கிளம்பிடாதீங்க, அந்த சதையை வச்சிருக்கற கண்ணாடி ஸ்லைடும் மெழுகு ப்ளாக்கும் கேட்டு வாங்குங்க. புது இடத்துல மறுபடி பாப்பாங்க, ப்ளாக் இல்லன்னா திரும்ப ஊசி, திரும்ப காசு. ரிப்போர்ட்ல ஹெர்-2 பாசிட்டிவ்னு (கட்டில ஹெர்-2ங்கற புரதம் அதிகமா இருக்குன்னு அர்த்தம்) இருந்தா அதுக்கான டிராஸ்டுசுமாப் ஊசி போட சொல்வாங்க, பட்ஜெட்டை உடைக்கறது அதுதான். இந்தியாவுல செஞ்ச பயோசிமிலர், அதாவது அதே மாதிரி வேலை செய்யற வேற கம்பெனி மருந்து, 2014லேர்ந்தே கிடைக்குது, விலையும் குறைவு, டாக்டர் கிட்ட கூச்சப்படாம கேளுங்க.

இவ்ளோவும் போக துண்டு விழுந்தாத்தான் நீங்க கேட்ட டிரஸ்ட். ஆஸ்பத்திரி லெட்டர்பேடுல டாக்டர் கையெழுத்தும் சீலும் உள்ள எஸ்டிமேட் வேணும், துண்டுச்சீட்டுல எழுதின தொகை செல்லாது. லெட்டர்ல "உதவி பண்ணுங்க"ன்னு பொதுவா எழுதாம மொத்தம் இவ்ளோ, காப்பீட்டுல இவ்ளோ, நாங்க போடறது இவ்ளோ, குறையறது 60,000னு கணக்கா எழுதுங்க, குடுக்கறவங்களுக்கு அப்பதான் கை வரும். இந்தியன் கேன்சர் சொசைட்டியோட கேன்சர் க்யூர் ஃபண்ட் குணமாகற வாய்ப்பு நல்லா இருக்கற கேஸுக்கு குடுக்கறாங்க, ஆனா அவங்க லிஸ்ட்ல இருக்கற ஆஸ்பத்திரி மூலமாத்தான் போகணும். பிரதமர் நிவாரண நிதியும் அப்படித்தான், எம்.பி. லெட்டர் வச்சு அனுப்பினா நல்லது. ஆஸ்பத்திரிலயே சோஷியல் ஒர்க்கர் இருப்பாங்க, யார் இப்ப குடுக்கறாங்கன்னு வாட்ஸ்அப் லிஸ்ட்டை விட அவங்களுக்குத்தான் தெரியும்.

"ப்ராசஸிங் ஃபீஸ் 2,000 ஜிபே பண்ணுங்க"ன்னு யாராவது சொன்னா போனை வச்சிடுங்க. எல்லாத்துலயும் அஞ்சு ஜெராக்ஸ், ஒரே ஃபைல்ல. ஒரிஜினலை யார் கேட்டாலும் காட்டுங்க, குடுத்துட்டு வராதீங்க.