தரையில் அமர்ந்து வாசிக்கும் வாத்தியங்களுக்கு எந்த மைக் ஸ்டாண்டு? – கேள்வி பதில்

வீணை, வயலின், மிருதங்கம், நாகஸ்வரம் ஆகியவற்றை வீட்டிலும் சிறிய ஒலிப்பதிவுக் கூடங்களிலும் பதிவு செய்யும் நண்பர்கள், எந்த மைக் வாங்குவது என்று பல வாரங்கள் யோசிக்கிறார்கள். அதைத் தாங்கப்போகும் ஸ்டாண்டையோ கடைசி நேரத்தில், கையில் மிஞ்சிய பணத்துக்கு வாங்குகிறார்கள். மைக்கை வைத்த இடம்தான் பதிவின் நாதத்தைத் தீர்மானிக்கிறது என்பதால், அந்த இடத்திலிருந்து அது அசையாமல் பார்த்துக்கொள்ளும் ஸ்டாண்டுக்கும் அதே அளவு கவனம் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

வீணை பயிலும் வாசகி: வணக்கம் ஐயா. பெரிய கண்டென்சர் மைக் ஒன்றை, கம்பத்தின் மேல் குறுக்காகக் கை நீளும் சாதாரண பூம் ஸ்டாண்டில் மாட்டியிருக்கிறேன். எவ்வளவு இறுக்கினாலும் அரை மணி நேரத்தில் மைக் தானாகத் தாழ்ந்துவிடுகிறது. ஸ்டாண்டை மாற்றத்தான் வேண்டுமா?

வணக்கம் அம்மா. மாற்றுவதற்கு முன் இரண்டு விஷயங்களைச் செய்து பாருங்கள். மேடைகளில் நாம் பார்க்கும் ஷ்யூர் எஸ்எம் 57 மைக்கின் எடை 284 கிராம். நியூமன் யூ 87 போன்ற பெரிய மைக்கின் எடை 500 கிராம், அதிர்வு ஏறாமல் அதை ஏந்தும் ஷாக் மவுண்டையும் சேர்த்தால் முக்கால் கிலோவைத் தாண்டிவிடும். இந்த எடை முழுவதும் பூம் கையின் நுனியில் தொங்குவதால், கை நீள நீள, கம்பத்தோடு அதைப் பிணைக்கும் கிளட்ச் மூட்டின் மீது விழும் திருகு விசையும் கூடிக்கொண்டே போகிறது. ஆகவே முதலில் ஸ்டாண்டை வீணைக்கு அருகே நகர்த்திக் கையின் நீளத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவதாக, கிளட்சின் திருகுப்பிடி உங்களை நோக்கி இருக்கும்படி நின்றுகொண்டு, மைக் உங்கள் வலப்பக்கம் நீளுமாறு கையைத் திருப்பி அமையுங்கள். அப்போது மைக்கின் எடை கையைக் கடிகார முள் சுற்றும் திசையில், அதாவது திருகு இறுகும் திசையில் இழுக்கும். இடப்பக்கம் நீண்டிருந்தால் அதே எடை மூட்டை மெல்ல மெல்லத் தளர்த்திவிடும். இவ்வளவு செய்தும் தாழ்கிறதென்றால் மூட்டுக்குள் இருக்கும் உராய்வு வட்டு தேய்ந்திருக்கலாம், அல்லது மூட்டு பிளாஸ்டிக்கால் ஆனதாக இருக்கலாம். அந்த நிலையில் வார்ப்பு உலோக மூட்டுள்ள வேறு ஸ்டாண்டு வாங்குவதே நல்லது. வீணைக் குடத்துக்கு ஒரு முழ தூரத்தில் வைத்த மைக் நான்கு விரற்கடை தாழ்ந்தால்கூட மீட்டின் ஒலி கூடி, முதலில் பதிந்த ஆலாபனையும் பிறகு பதிந்த தானமும் ஒன்றோடொன்று ஒட்டாமல் போகும். அதைப் பிறகு கணினியில் சரிசெய்வது மிகக் கடினம்.

மதுரை வாசகர்: என் ஸ்டாண்டின் எடை சுமார் 3 கிலோ. ஆனாலும் இரண்டு முறை சாய்ந்துவிட்டது. இன்னும் கனமானது வாங்க வேண்டுமா சார்?

மூன்று கிலோ என்பது குறைவான எடை அல்ல. பலரும் நம்பி வாங்கும் ஜெர்மனியின் கோனிக் அண்ட் மேயர் 210/9 ஸ்டாண்டும் ஏறத்தாழ அவ்வளவுதான் இருக்கும். உங்கள் சிக்கல் கால்களின் திசையில் இருக்கலாம். முக்காலியின் மூன்று கால் நுனிகளையும் கோட்டால் இணைத்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும்; ஸ்டாண்டு சாய்வது அந்த முக்கோணத்தின் விளிம்பைத் தாண்டித்தான். கம்பத்திலிருந்து கால் நுனி 34 செ.மீ. தொலைவில் இருந்தால், இரண்டு கால்களுக்கு நடுவே உள்ள விளிம்பு 17 செ.மீ. தொலைவில்தான் இருக்கும், அதாவது சரிபாதி.

இப்போது 800 கிராம் சுமை கம்பத்திலிருந்து 70 செ.மீ. தள்ளித் தொங்குவதாக வைத்துக்கொள்வோம். பூம் கை ஒரு காலுக்கு நேர் மேலாக நீண்டிருந்தால், சாய்க்கும் விசை, அதாவது எடையை விளிம்பிலிருந்து உள்ள தொலைவால் (70 − 34) பெருக்கினால், 0.8 × 36, ஏறத்தாழ 29. தடுத்து நிறுத்தும் விசை 3 × 34, அதாவது 102. அதே கை இரண்டு கால்களுக்கு நடுவே நீண்டிருந்தால், சாய்ப்பது 0.8 × 53 (70 − 17), ஏறத்தாழ 42. தடுப்பது வெறும் 51. பூம் கையின் சொந்த எடையையும் கணக்கில் சேர்த்தால் மிச்சம் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. யாராவது கேபிளில் கால் தடுக்கினால் போதும். எனவே புதிய ஸ்டாண்டு வாங்குவதற்கு முன், ஒரு கால் எப்போதும் மைக்கின் திசையை நோக்கி இருக்குமாறு திருப்பி வையுங்கள். பின்னால் உள்ள இரண்டு கால்களின் மேல் மணல் பை ஒன்றைப் போட்டால் பாதுகாப்பு இன்னும் பன்மடங்கு கூடும்.

வயலின் ஆசிரியர்: நாங்கள் தரையில் அமர்ந்து வாசிக்கிறோம். உயரமான ஸ்டாண்டை முழுவதும் இறக்கினாலும் பொருந்தவில்லை.

நின்று பாடுபவரை மனத்தில் வைத்துச் செய்த ஸ்டாண்டுகளில் பலவற்றின் கம்பம் 90 செ.மீ.க்குக் கீழே இறங்காது. டிரம் செட்டின் கிக் டிரம்முக்கென விற்கப்படும் குட்டையான பூம் ஸ்டாண்டைக் கேட்டு வாங்குங்கள். தரையில் அமரும் நம் கலைஞர்களுக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை என்பேன். சுமையும் தரைக்கு அருகிலேயே இருப்பதால் இடிபட்டாலும் எளிதில் சாயாது. கர்நாடக முறையில் வயலினின் தலைப்பகுதி வலது கணுக்காலில் ஊன்றியிருக்க, வில் வலப்பக்கமாக வீசி வருவதால், ஸ்டாண்டை இடப்பக்க முன்புறத்தில் வைத்து, கையை மட்டும் வாத்தியத்தின் முகப்பை நோக்கி நீட்டுங்கள். முழு வில் போட்டு ஒரு வர்ணத்தை இரண்டாம் காலத்தில், அதாவது இரட்டை வேகத்தில், வாசிக்கச் சொல்லி, வில் எதிலும் படவில்லை என்று பார்த்த பிறகே பதிவைத் தொடங்குங்கள்.

மிருதங்கம் பதிவு செய்பவர்: பதிவில் அடியில் ஒரு ‘தும் தும்’ ஓசை கேட்கிறது. அது மிருதங்கத்தின் கனத்த ஒலி தரும் பக்கமான தொப்பியின் ஒலி அல்ல.

மரப்பலகை மேடையில் உட்கார்ந்து வாசிக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். தாளம் போடுபவரின் தட்டும் கலைஞரின் உடல் அசைவும் பலகை வழியாகக் கம்பத்தில் ஏறி மைக்கை அடைகின்றன. கனத்த தாழ்சுருதி ஒலிகளை வெட்டும் லோ கட் சுவிட்ச் மைக்கில் இருக்கும்; அதைப் போட்டால் அது குறையும் என்றாலும், தொப்பியின் கனத்தையும் சேர்த்துக் குறைத்துவிடும் என்பதால் அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். கலைஞர் அமர்ந்திருக்கும் ஜமுக்காளத்தின் மேல் ஸ்டாண்டின் கால் ஒன்றுகூடப் படக்கூடாது. கால்களுக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்பும் மைக்குக்கு ஷாக் மவுண்டும் போடுங்கள். முடிந்தால் ஸ்டாண்டை மேடையிலிருந்து இறக்கிச் சிமெண்டுத் தரையில் நிறுத்துங்கள். கேபிளை விறைப்பாக இழுத்துக் கட்டினால் அதிர்வு அதன் வழியாகவும் ஏறும். கம்பத்தின் அடியில் ஒரு வளையம் தளர்வாக விட்டுவையுங்கள்.

சிறிய ஸ்டுடியோ நடத்துபவர்: சக்கரமும் எதிர் எடையும் உள்ள பெரிய ஸ்டுடியோ பூம் ஸ்டாண்டு அவசியமா?

ஒற்றை வாத்தியத்துக்குத் தேவையில்லை. குழுவாக வாசிப்பவர்களின் தலைக்கு மேல் இரண்டு மைக்குகளைத் தொங்கவிட வேண்டியிருந்தால் மட்டும் வாங்குங்கள். அங்கே மனிதர்களின் பாதுகாப்பும் அடங்கியிருப்பதால் விலையைப் பார்த்துத் தயங்க வேண்டாம். எதிர் எடைக்குக் கணக்கு எளிது: முன்னால் 75 செ.மீ. தொலைவில் 800 கிராம் இருந்தால், பின்னால் 25 செ.மீ. தொலைவில் 2.4 கிலோ வேண்டும், கையின் எடைக்கு அதோடு சற்றுக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். நிறுத்திய பிறகு சக்கரங்களைப் பூட்ட மறக்காதீர்கள்.

கோவை வாசகர்: புதிய மைக்கின் பிடி ஸ்டாண்டின் திருகு மரையில் ஏறவில்லை.

புழக்கத்தில் இரண்டு அளவுகள் உள்ளன: 5/8 அங்குலம், 3/8 அங்குலம். சிறிய பித்தளை அடாப்டர் ஒன்று போதும். அதை இடுக்கியால் ஒருமுறை நன்றாக முடுக்கிவிடுங்கள். தளர்ந்த அடாப்டரில் கனமான மைக் சுழன்றுகொண்டே இருக்கும்.

நாகை வாசகர்: பழைய ஸ்டாண்டு ஒன்று விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்க வேண்டும் ஐயா?

பூம் கையை முழு நீளத்துக்கு இழுத்துக் கிடைமட்டமாக இறுக்குங்கள். நுனியில் ஒரு கிலோ எடையுள்ள பையைத் தொங்கவிட்டு, கையின் உயரத்தைச் சுவரில் குறித்துக்கொண்டு, கால் மணி நேரம் விற்பவரோடு பேசிக்கொண்டிருங்கள். கோட்டிலிருந்து இறங்கியிருந்தால் வாங்க வேண்டாம். உங்கள் ஊர்க் கடற்காற்றில் திருகு மரைகளும் கம்பத்தின் உட்குழாயும் துருப்பிடிப்பதால், கம்பத்தை முழுவதும் வெளியே இழுத்து உள்பக்கத்தையும் பாருங்கள். மேலோட்டமான துருவைத் துடைத்துவிடலாம். கிளட்ச் வட்டில் மட்டும் எக்காரணம் கொண்டும் எண்ணெய் படக்கூடாது, பட்டால் அதன் பிடிமானமே போய்விடும்.