எக்ஸ்பீரியன்ஸ் போடச் சொல்கிறார்கள், மகன் மாட்டேன் என்கிறான்

அம்மா, உங்கள் மகன் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஒரு கன்சல்டன்சியில் 60,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, பார்க்காத வேலைக்கு இரண்டு வருட எக்ஸ்பீரியன்ஸ் "போட்டுத்" தருகிறார்களாம். கூடப் படித்த இரண்டு பேர் அப்படித்தான் சேர்ந்தார்களாம். வீட்டுக்கு வருகிற உறவுக்காரர்களும் "ஊரே போடுது, உம்புள்ளைக்கு மட்டும் என்ன?" என்கிறார்களாம். அவனை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

சம்மதிக்க வைக்காதீர்கள். அவன் செய்வது பிடிவாதம் இல்லை, சரியான கணக்கு.

படிப்பு முடிந்தே ஒன்றரை வருடம்தானே? இரண்டு வருடம் வேலை பார்த்ததாகக் காட்டினால், கடைசி செமஸ்டரில் வகுப்பில் இருந்தது யார்? பட்டச் சான்றிதழில் உள்ள மாதத்தையும் வருடத்தையும் பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

அந்த 60,000க்கு என்ன தருவார்கள்? ஆஃபர் லெட்டர், பே ஸ்லிப், ரிலீவிங் லெட்டர். சிலர் உங்கள் பணத்தையே வாங்கி மாதாமாதம் "சம்பளம்" என்று அவன் பேங்க் கணக்கில் போடுவார்கள். தாளில் எல்லாம் பொருந்தும், பிஎஃபில்தான் மாட்டும். பிஎஃபுக்காக ஒவ்வொருவருக்கும் தரும் 12 இலக்க யுஏஎன் எண் ஆதாரோடு இணைந்தது. பாஸ்புக்கில் எந்த மாதச் சம்பளத்துக்கான பணம், எந்தத் தேதியில் கட்டியது என்று இரண்டும் தனித்தனியாக இருக்கும். பழைய மாதங்களுக்கு மொத்தமாக இப்போது கட்டினால் தேதியே காட்டிக்கொடுக்கும். கம்பெனி எப்போது பதிவானது என்பதையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

வேலை தரும் கம்பெனிகள் இதையெல்லாம் சரிபார்ப்பார்கள். பல இடங்களில் இந்தச் சரிபார்ப்பு வேலையில் சேர்ந்த பிறகுதான் முடியும். "கூடப் படிச்சவன் சேர்ந்துட்டான்" என்பதை வைத்து முடிவெடுக்க வேண்டாம் என்பது அதனால்தான். மூன்றாவது மாதம் வெளியே அனுப்பினால், அந்தக் கம்பெனியின் பெயரையும் ரெஸ்யூமில் போட முடியாது. போலி ஆவணத்தை அசல் என்று தெரிந்தே கொடுப்பது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 340வது பிரிவின்படி குற்றம். கையெழுத்து உங்கள் மகனுடையது, கன்சல்டன்சிக்காரருடையது அல்ல.

இன்னொன்றை யாரும் சொல்வதில்லை. மத்திய அரசின் நாட்ஸ் அப்ரண்டிஸ் திட்டத்தில் பட்டதாரிகளுக்கு ஒரு வருடப் பயிற்சி உண்டு. 2019 விதியில் பட்டதாரிக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9,000 ரூபாய். முடிவில் தரமணியில் உள்ள அப்ரண்டிஸ் பயிற்சி வாரியம் சான்றிதழ் தரும். படிப்பு முடிந்தபின் ஒரு வருடமோ அதற்கு மேலோ வேலை பார்த்தவர்கள் இதற்கு விண்ணப்பிக்க முடியாது. பொய்யாக இரண்டு வருடம் போட்டால் நிஜமான ஒரு வருடம் கையைவிட்டுப் போகும்.

எம்.சி. ரோடு துணிக்கடையில் எட்டு மாதமாக பில்லிங் பார்க்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். அதை ஏன் மறைக்கிறான்? ரெஸ்யூமில் இப்படி எழுதட்டும்: "ஜவுளி சில்லறைக் கடை, வண்ணாரப்பேட்டை. பில்லிங், டேலியில் ஜிஎஸ்டி பதிவு, எக்செலில் இருப்புக் கணக்கு." கடை லெட்டர்ஹெட்டில், ஜிஎஸ்டி எண்ணோடு, சேர்ந்த தேதி போட்டு முதலாளியிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளட்டும். பிஎஃப் இல்லையே என்று பயப்பட வேண்டாம், பொதுவாக 20 பேருக்குக் குறைவான கடைக்கு அது கட்டாயமில்லை. கடை வேலையும் வேலைதான் என்பதால், ஒரு வருடம் ஆவதற்குள் நாட்ஸ் தளத்தில் பதிந்துவிடுங்கள். மணலி, எண்ணூர் பக்கத் தொழிற்சாலைகளின் அப்ரண்டிஸ் அறிவிப்புகளையும் வாரம் ஒருமுறை பார்க்கட்டும்.

இன்டர்வியூவில் "இத்தனை நாள் என்ன செய்தாய்?" என்றால் மூன்று வாக்கியம் போதும்: கடையில் பார்த்த வேலை, மாலையில் கற்றுக்கொண்டது, அதை வைத்துச் செய்த ஒரு ப்ராஜெக்ட். அந்தக் கடையின் இருப்புக் கணக்கையே ஒரு சின்ன அப்ளிகேஷனாகச் செய்து காட்டினால் பேச விஷயம் கிடைக்கும். கேட்பவர்களுக்கும் சலிக்காது.

உறவுக்காரர்களிடம் நியாயம் பேசி ஜெயிக்க முடியாது. "அப்ரண்டிஸுக்குப் போட்டிருக்கான், பதில் வரட்டும்" என்று நீங்கள் சொல்லுங்கள், அவனைப் பேச விடாதீர்கள். வீட்டில் அம்மா தன் பக்கம் என்று தெரிந்தால் அவன் மற்றவர்களைத் தாங்கிக்கொள்வான்.

அட்வான்ஸ் ஏற்கெனவே கொடுத்திருந்தால், அந்தப் பணம் திரும்பாவிட்டாலும் பரவாயில்லை, மீதியைக் கொடுக்காதீர்கள். ஒரிஜினல் மார்க் ஷீட் அங்கே இருந்தால் உடனே வாங்குங்கள். ஆதார் ஓடிபி கேட்டு போன் வந்தால் சொல்ல வேண்டாம். இன்றே யுஏஎன் தளத்தில் சர்வீஸ் ஹிஸ்டரியைத் திறந்து பாருங்கள். தெரியாத கம்பெனி பெயர் இருந்தால் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, பிஎஃப் குறைதீர் தளத்தில் புகார் பதிந்து, அந்தப் பதிவு எண்ணைக் குறித்து வையுங்கள்.