தண்ணீர் வைத்தும் சேவல் ஏன் செத்தது?

கேள்வி: ஐயா, நாங்கள் ஒட்டுசுட்டானில இருக்கிறம். மகள் குஞ்சிலயிருந்து கையிலேயே வளர்த்த சேவல் வெயிலுக்குச் செத்துப்போச்சு. தண்ணி வைச்சுத்தான் தகரக் கூட்டுக்குள்ள அடைச்சனாங்கள். பின்னேரம் பாக்கேக்க செட்டையை விரிச்சபடி கிடந்தது. பிள்ளை சரியாச் சாப்பிடுறாளில்லை. என்னில பிழையோ? மிச்சக் கோழியளை என்ன செய்யிறது?

பதில்: தங்கச்சி, முதலில் பிள்ளையைப் பாருங்கள். சேவல் எங்கேயோ போய்விட்டது என்று மழுப்பாமல், வெயில் தாங்காமல் செத்தது என்று உள்ளதைச் சொல்லுங்கள். அழட்டும், மறிக்காதீர்கள். சந்தையில் இன்னொன்று வாங்கித் தாறன் என்ற பேச்சு இப்போதைக்கு வேண்டாம். அவளாகக் கேட்கும்போது பார்க்கலாம்.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. அதன் உடம்புச் சூடு சாதாரணமாகவே 41 பாகை செல்சியஸ் அளவில் நிற்கும். அதற்கு மேலே ஏறினால் வாயைத் திறந்து இளைத்தும், செட்டையை விலக்கிப் பிடித்தும்தான் ஆற வேண்டும். சித்திரை வருசப்பிறப்பை ஒட்டி உங்கள் வன்னிக்கு நேர் உச்சியில் சூரியன் நிற்கும் நாட்களில் தகரம் காய்ந்து, அனல் முழுக்கக் கூட்டுக்குள் இறங்கும். காற்றோட்டமும் இல்லையென்றால் இளைத்து இளைத்தே உயிர் களைத்துவிடும். தண்ணீர் சுட்டுவிட்டால் அதையும் சரியாகக் குடிக்காது. நீங்கள் தண்ணீர் வைக்க மறக்கவில்லை, தங்கச்சி. கூடுதான் கொன்றது. அந்தக் குற்றத்தை உங்கள் மனதில் ஏற்றாதீர்கள்.

மிச்சக் கோழிகளைப் பகலில் அடைக்க வேண்டாம். வேப்பமர நிழலில் விடுங்கள். கீரிக்கும் பருந்துக்கும் பயமென்றால் நாலு பக்கமும் வலையடித்து, தகரத்துக்கு மேல் கிடுகோ பனையோலையோ தடிப்பாகப் போடுங்கள். காற்று வரும் பக்கம் நனைத்த சாக்குத் தொங்கட்டும். தண்ணீரை மண்சட்டியில் நிழலில் வைத்து, மத்தியானம் கட்டாயம் மாற்றுங்கள். தீனை விடியவெள்ளனவும் பொழுதுபடவும் போட்டால் போதும். தின்றது செமிக்கும்போது உடம்பில் சூடு கூடும், அதனால் 10 மணியிலிருந்து 4 மணி வரை தீன் வைக்காமல் விடுவது நல்லது.

இளைக்கும் கோழியைக் கண்டால் நிழலுக்குத் தூக்கிப்போய்க் கால்களையும் தலையிலுள்ள கொண்டைப் பூவையும் நனையுங்கள். ஐஸ் தண்ணீர் கூடாது. வாயைப் பிளந்து தண்ணீர் பருக்கவும் வேண்டாம், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

பச்சையாகக் கழிந்து, கழுத்துத் திருகி, ஒன்றன்பின் ஒன்றாகச் சாகத் தொடங்கினால் அதை வெயில் என்று விட்டுவிடாதீர்கள். ராணிக்கெற் நோயாக இருக்கலாம். செத்ததைக் கறியாக்காமல், நாய் கிளறாத ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுத் தாட்டுவிட்டு, அன்றைக்கே அரச மிருக வைத்தியருக்கு அறிவியுங்கள்.