செனெகா பெண்களோட பாசிமணி டிரெஸ்: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: அக்கா, அமெரிக்கப் பழங்குடிப் பெண்கள்னாலே சினிமால தோல் டிரெஸ், தலைல இறகுதான் காட்டுறாங்க. செனெகாவும் அப்படித்தானா?

பதில்: இல்லப்பா. செனெகா மக்கள் நியூயார்க் மாநிலத்து மேற்குப் பக்கம், இரோகுவாய்ங்கற பழங்குடிக் கூட்டமைப்புல ஒரு இனம். 1850 வாக்குல அவங்க பொண்ணுங்க விசேஷத்துக்குப் போட்டது பெரும்பாலும் துணிதான், காலணி மட்டும் மான் தோல். மேல நீளமா ஒரு காட்டன் சட்டை, கீழ கருநீலக் கம்பளில இடுப்பச் சுத்திக் கட்டுற பாவாடை, அதுக்குள்ள கணுக்கால் வரைக்கும் லெக்கிங்ஸ், தோள்ல சால்வை. பாவாடை ஓரத்துலயும் லெக்கிங்ஸ் ஓரத்துலயும் பாசிமணி வேலை நெருக்கமா இருக்கும்.

கேள்வி: பாசி அவங்களே செஞ்சதா?

பதில்: இல்ல, ஐரோப்பாக்காரங்க வியாபாரத்துல வந்த கண்ணாடிப் பாசி. வெனிஸ், பொஹீமியா சரக்கு. அதுக்கு முன்னாடி முள்ளம்பன்றி முள்ளையும் மூஸ் மான் முடியையும் சாயம் போட்டு தைச்சாங்க.

கேள்வி: துணியும் வெளிய, பாசியும் வெளிய, அப்புறம் எப்படி பாரம்பரியம்?

பதில்: சரக்கு எங்கேருந்து வந்தா என்ன, அத வச்சு என்ன சொன்னாங்கன்னு பாருங்க! பாவாடையோட கீழ் ஓரத்துல வெள்ளைப் பாசில வரிசையா அரைவட்டம் வரும், அதுதான் வானக் கூரை, அது மேல ரெண்டு பக்கமும் சுருண்டு பிரியுற கொடி, முன்பக்க மூலைல பெருசா ஒரு செடி, அத நிறைய பேர் வானுலக மரம்னு சொல்வாங்க. வானத்துலேருந்து ஒரு பொண்ணு விழுந்து, ஆமை முதுகுல பூமி உண்டாச்சுங்கறது அவங்க கதை. குலமும் அம்மா வழிதான் வரும். இது எந்த ஐரோப்பாக் கடைலயும் வாங்குனது இல்ல.

கேள்வி: பழைய டிரெஸ் எங்க பார்க்கலாம்?

பதில்: முதல்ல டோனவாண்டாங்கற செனெகா ஊர்ல இருந்த கேரொலைன் பார்க்கர்ங்கற செனெகாப் பொண்ணோட போட்டோவ தேடிப் பாருங்க, 1849 வாக்குல எடுத்தது, முழு செட்டும் போட்டிருப்பாங்க. ஊசி வேலைல அவ்ளோ கெட்டிக்காரங்க. மானிடவியல் ஆராய்ச்சியாளர் லூயிஸ் ஹென்ரி மோர்கன் நியூயார்க் அரசுக்காக சேகரிச்சதுல கேரொலைன் கையால தைச்சதும் இருந்துச்சு. ஆனா 1911ல நியூயார்க் மாநிலத் தலைநகர் ஆல்பனில தலைமைச்செயலகக் கட்டடத்துல பிடிச்ச தீல அந்த சேகரிப்புல பெரும்பகுதி போயிடுச்சு, நினைச்சாலே வயிறு எரியுது. கேரொலைன் கூடப்பிறந்தவர் ஈலை பார்க்கர்தான் 1865ல அமெரிக்க உள்நாட்டுப் போர்ல அப்போமாட்டக்ஸ்ல தெற்குப் படை சரணடைஞ்சப்போ, தளபதி கிராண்டோட விதிகளுக்கு இறுதி நகல் எழுதுனவர். எல்லாரும் அவர மட்டும் பேசுறாங்க, எனக்கு கேரொலைன்தான் பெருசு.

கேள்வி: நயாகரால விக்கிற புடைச்ச பாசி வேலையும் இதுதானா அக்கா?

பதில்: அது வேற. அதே கூட்டமைப்புல இருக்கற டஸ்கரோரா இனத்துப் பொண்ணுங்க டூரிஸ்டுக்குன்னு செஞ்ச ஊசி மெத்தை, பை எல்லாம் மேடு மேடா நிக்கும். நான் சொல்ற பழைய செனெகா பாவாடை வேலை துணியோட தட்டையா படிஞ்சு கிடக்கும், மெல்லிசு கோடு. வாங்கணும்னா நியூயார்க் மாநிலத்துல சாலமாங்காங்கற ஊர்ல செனெகா மக்களே நடத்துற மியூசியம் இருக்கு, அங்க விசாரிச்சு தைக்கிறவங்க கிட்டயே வாங்குங்க.