பெற்றோர் பார்வையாளர் இல்லை: குழந்தைகள் வார்டு செவிலியரிடம் சில கேள்விகள்

கேள்வி (செவிலியர் மாணவி): சிஸ்டர், ‘குடும்பத்தை மையமாகக் கொண்ட பராமரிப்பு’ என்பதற்குத் தேர்வில் வரையறை எழுதிவிடுவேன். வார்டில் அது எப்படி இருக்கும்?

பதில்: டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது அம்மாவை வெளியே நிற்கச் சொன்னால் அது அங்கே இல்லை. “ராத்திரி எப்படி இருந்தான்?” என்று அம்மாவிடம் கேட்டுவிட்டு நீங்கள் சார்ட்டைத் திறந்தால், இருக்கிறது.

இந்த இடத்துக்கு நாம் சுலபமாக வந்துவிடவில்லை. பிரிட்டனில் ஒரு காலத்தில், பெற்றோர் வந்தால் பிள்ளை அழுகிறது என்று சொல்லியே அவர்களைத் தள்ளி வைத்தார்கள். 1952-இல் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற மனநல சமூகப் பணியாளர், மருத்துவமனையில் எட்டு நாள் தனியாக இருந்த இரண்டு வயதுச் சிறுமியைப் படம் பிடித்துக் காட்டினார். பார்த்த மருத்துவர்கள் பலருக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் 1959-இல் வந்த பிளாட் அறிக்கை (அந்நாட்டு அரசு அமைத்த குழுவின் அறிக்கை), பெற்றோர் தடையில்லாமல் வந்து போகட்டும், சின்னக் குழந்தைகளோடு தாய் தங்கவும் வழி செய்யுங்கள் என்றது.

பெற்றோரைப் பிரிந்த குழந்தையிடம் ராபர்ட்சன் கண்டது மூன்று கட்டங்கள். முதலில் கத்தி அழுவது, அப்புறம் சோர்ந்து ஒடுங்குவது, கடைசியில் ஒட்டுதல் விட்டுப்போவது. கடைசிக் கட்டத்தில் குழந்தை சமர்த்தாக இருக்கும், நர்ஸைப் பார்த்துச் சிரிக்கும். ‘பழகிவிட்டது’ என்று நாம் எழுதி வைப்போம். அம்மா வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அழாத குழந்தையைப் பார்த்துதான் நான் அதிகம் கவலைப்படுவேன்.

கேள்வி (புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்): ஆனால் ஊசி போடும்போது அம்மா பக்கத்தில் இருந்தால் கூடுதலாக அழுகிறதே? வெளியே அனுப்பினால் வேலை சீக்கிரம் முடிகிறது.

பதில்: உங்கள் வேலை முடிகிறது, சரி. குழந்தைக்கு அடுத்த ஊசியின் பயம் அங்கேதான் தொடங்குகிறது. அம்மாவைக் கண்டு அழுவது, அழலாம் என்ற நம்பிக்கை இருப்பதால். படுக்க வைத்து நாலு பேர் அமுக்குவதை விட்டுவிட்டு, அம்மா மடியில் நெஞ்சோடு நெஞ்சாக அணைத்து உட்காரச் சொல்லிப் பாருங்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: அம்மாவின் வேலை ஆறுதல் சொல்வது. அசையாமல் பிடிப்பதற்கு நம் ஆள் வேண்டும். பார்க்க முடியாது என்று அம்மாவே சொன்னால் வற்புறுத்தவும் கூடாது.

முடிந்தவரை கட்டிலில் வைத்துக் குத்தாதீர்கள், வேறு அறைக்குக் கொண்டுபோங்கள். கட்டிலாவது பயமில்லாத இடமாக இருக்கட்டும். பச்சிளங்குழந்தை என்றால் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே செய்யலாம், அல்லது டாக்டர் ஆர்டர்படி இரண்டு நிமிடம் முன்பு சில துளி சர்க்கரைக் கரைசல். “வலிக்கவே வலிக்காது” என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒரு தடவை பொய் சொன்ன நர்ஸை அந்தப் பிள்ளை மறக்காது.

கேள்வி (ஒரு அப்பா): என் நாலு வயது மகள், “குறும்பு பண்ணினதாலதான் காய்ச்சலா?” என்று கேட்கிறாள். சிரிப்பதா, அழுவதா?

பதில்: அந்த வயதில் நோயைத் தண்டனையாக நினைப்பது சகஜம். அவள் கேட்டதே நல்லது, கேட்காமல் மனதுக்குள் வைத்துக்கொள்ளும் பிள்ளைகள்தான் அதிகம். “நீ செய்த எதனாலும் இது வரவில்லை” என்று நேராகச் சொல்லுங்கள், திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். “சாப்பிடாவிட்டால் நர்ஸ் ஊசி போடுவாங்க” என்று பயமுறுத்தும் வழக்கம் இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள், எங்கள் பிழைப்பே கெடுகிறது.

கேள்வி (மாணவர்): பேசத் தெரியாத குழந்தைக்கு வலியை எப்படி அளப்பது?

பதில்: ‘ஃப்ளாக்’ அளவுகோல் இருக்கிறது. முகம், கால்கள், அசைவு, அழுகை, தேற்றினால் அடங்குகிறதா என்ற ஐந்துக்கும் 0 முதல் 2 வரை, மொத்தம் 10. மூன்று வயதுக்கு மேல் முகப்படங்களைக் காட்டிக் கேட்கலாம். விளையாடுகிறது, அதனால் வலி இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். வலியை மறக்கவும் குழந்தை விளையாடும்.

கேள்வி (இரவுப் பணிச் செவிலியர்): ரத்த அழுத்தம் சரியாகத்தான் இருந்தது. ஒரு மணி நேரத்தில் குழந்தை மோசமாகிவிட்டது. எதைத் தவறவிட்டேன்?

பதில்: ரத்த அழுத்தத்தை நம்பியிருந்தீர்கள், அதுதான். குழந்தையின் உடல் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, இதயத்தை வேகமாக ஓட்டி, கடைசி வரை அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும். அது இறங்கும்போது நிலைமை கைமீறும் கட்டத்துக்கு வந்திருக்கும். முன்னதாகவே சொல்வது நாடித்துடிப்பு, குளிர்ந்த கைகால், நகத்தை அழுத்தி விட்டால் நிறம் திரும்ப ஆகும் நேரம், குறையும் சிறுநீர், மந்தமான பார்வை. மூச்சையும் ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குக் கீழ் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40, அதைத் தொட்டாலே வேகமான மூச்சு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

இன்னொன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அன்றைக்கு அந்த அம்மா ஏதாவது சொன்னாரா? “இவன் எப்பவும் இப்படி இருக்க மாட்டான் சிஸ்டர்” என்ற மாதிரி? புதிதாக வந்த காலத்தில் நானும் அதைக் காதில் வாங்காமல் போயிருக்கிறேன். இப்போது அந்த வார்த்தை காதில் விழுந்தால், நேரத்தைக் குறித்துச் சார்ட்டில் அப்படியே எழுதிவிட்டு டாக்டரைக் கூப்பிடுகிறேன்.